சரக்கின் பெயர்: பெருமை

ஆடி பிறந்துவிட்டால் சங்ககிரிச் சமவெளி குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்று மலைக்கோட்டையின் இருபுறமும் பிரிந்து, அப்பால் ஒன்றுகூடி, சோளத் தோகைகளையும் பனையோலைகளையும் நெடுஞ்சாலை ஓரத்து லாரிகளின் தார்ப்பாய்களையும் ஒரே சுருதியில் ஓதவைக்கிறது. மேட்டூரில் மதகு திறந்த செய்தி முதலில் வருகிறது. பின்னர் நுரையும் கலங்கலுமாக நீர் வருகிறது. அதன் பின்னர், ஈரக் கூந்தலில் மஞ்சள் மணக்கப் பெண்கள் படித்துறைக்கு வருகிறார்கள். இம்மாதம் மனிதர்க்கு முகூர்த்தம் இல்லை. அம்மனுக்கு மட்டுமே உண்டு. மனிதர்க்கு விதிக்கப்பட்ட கடமைகள் இரண்டு: பதினெட்டாம் பெருக்கு நோம்பிக்கு மனைவியின் தாய்வீடு செல்வது, சென்ற இடத்தில், யார் எதில் வந்து இறங்கினார் என்று பார்ப்பது.

இவற்றுள் இரண்டாவதை, மாதக் கணக்குப் பாராமல் ஆண்டு முழுவதும் செய்து வந்தவர் சின்னண்ணன்.

திருச்செங்கோடு சாலையில் அவருக்கு ஓர் எடை மேடை உண்டு. சோளமும் புண்ணாக்கும் கோழித் தீவனமும் ஏற்றிய லாரிகள் அதன்மேல் ஏறி நிற்கும். அவர் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, முதலில் பாரத்தோடும் பிறகு வெறுமையாகவும் எடை பார்த்து, சீட்டு அச்சிட்டுக் கொடுப்பார். வண்டி எண், சரக்கின் பெயர், மொத்த எடை, காலி எடை, நிகர எடை எனச் சீட்டில் ஐந்து வரிகள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அச்சீட்டில் ஒரு பொய்யும் ஏறியதில்லை. ஒரே ஒரு முறை ஏறியதைப் பொய் என்று சொல்வதா என்பதுதான் இக்கதை.

அவருடைய சகலை தமிழரசு. அதாவது, சின்னண்ணனின் மனைவி சௌந்திரத்தின் தங்கை கமலவேணியை மணந்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு ஏஜெண்ட். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் அவர் கடனில் புதுக் கார் எடுத்தார். சங்கு வெள்ளை. பின்கண்ணாடியில் 'தனப்பிரியா' என்று மகளின் பெயர் பொன்னெழுத்தில் ஒட்டியிருந்தது. எடுத்த மூன்றாம் நாள், மனைவியும் மகளும் உள்ளிருக்க, காரை நேரே எடை மேடைமேல் ஏற்றி நிறுத்தினார்.

"சகல, நம்ம வண்டிய ஒரு எடை போடுங்க. ஷோரூம்ல ஆயிரத்தி எரநூறு கிலோ பக்கம் வருமுன்னாங்க. நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கைங்க."

சின்னண்ணன் போட்டார். குடும்பத்தோடு ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. அனைவரையும் இறங்கச் சொல்லிப் போட்டார். ஆயிரத்து நூற்றெண்பது. நிகரம் இருநூற்றுப் பத்து. 'சரக்கின் பெயர்' என்ற கட்டம் மட்டும் கணினியில் வெறுமையாகக் கண் சிமிட்டியது. அவ்விடத்தில் சோளம், புண்ணாக்கு, ஜல்லி என்று தட்டியே பழகிய விரல், அன்று அவரைக் கேளாமல் 'பெருமை' என்று தட்டியது.

தமிழரசு சீட்டை வரிவரியாகப் படித்தார். சரக்கின் பெயர்: பெருமை. நிகர எடை: 210 கிலோ. சின்னண்ணன் மேசைமேலிருந்த ரப்பர் முத்திரையை ஏதோ ஆராய்ச்சி செய்பவர்போல் குனிந்து நோக்கினார். தமிழரசு சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, "காசு எவ்வளவுங்க?" என்றார்.

"சகலைக்கிட்டப் போயிக் காசா?" என்றார் சின்னண்ணன். குத்தவேண்டிய இடத்தில் குத்திவிட்டோம் என்ற நிறைவில் அன்று இரண்டு தோசை கூடுதலாக உண்டார்.

அந்நிறைவுக்கு ஆயுள் ஒரு மாதம். ஆடிப் பதினெட்டன்று, காவிரிக்கரையிலுள்ள மாமனார் வீட்டு வாசலில், சின்னண்ணன் தம் மொபெட்டை வேப்பமர நிழலில் நிறுத்திச் சௌந்திரத்தை இறக்கிவிட்டார். பின்னாலேயே சங்கு வெள்ளை வந்தது. மாமியார் வெளியே வந்து, மூத்த மருமகனை நோக்கி அன்பு ஒழுகச் சொன்னார்:

"சாமி, உங்க வண்டியச் சித்த மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போட்டுக்கறீங்களா? பாவம், காரு வெயில்ல நிக்குது."

மொபெட்டை மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போன அந்த முப்பது அடித் தொலைவை, சின்னண்ணன் அதன் பிறகு நாள்தோறும் ஒருமுறை நடந்தார். எடை மேடையில் அமர்ந்தபடியே நடந்தார். அழுக்காறு என்பது வாடகையின்றிக் குடியேறி, பின்னர் வீட்டுக்காரரையே வெளியேற்றும் இயல்புடையது. திருச்செங்கோட்டுச் சோதிடர் ஒருவரிடம் போய், "பூரட்டாதி நட்சத்திரம், கும்ப ராசி. இந்த ஜாதகருக்கு வாகன யோகம் எதுவரைக்கும்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"ஜாதகர் நீங்களா?"

"எனக்கு ரொம்ப வேண்டியவருங்க."

சோதிடர் அவர் முகத்தைப் பார்த்தார். தொழில் அனுபவம் மிக்கவர். "உங்களுக்கு வேண்டியவருக்கு எந்தக் கொறையும் இல்லீங்க" என்று சொல்லித் தட்சணையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆடிக்குள் கார் என்று அன்றே முடிவாயிற்று. புதியதா, ஓடியதா என்பதுதான் வழக்கு.

"கையில மூணேகால் லட்சம் இருக்குதுங்க. ஓடுன வண்டியா ஒண்ணு எடுத்துக்கலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல" என்றாள் சௌந்திரம்.

"ஓடுன வண்டியக் கொண்டுபோயி உங்கம்மா முன்னால நிறுத்தச் சொல்றியா?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கு நீங்க கட்டியிருந்த பட்டு வேட்டி உங்க அண்ணன் கட்டுன வேட்டிதானுங்க. எங்கம்மா அதைக் கேட்டாங்களா? மாப்பிள்ளையத்தான் பார்த்தாங்க."

இவ்வாதத்திற்கு விடையாகச் சின்னண்ணன் சேலத்திற்குப் பேருந்து ஏறினார்.

சூரமங்கலம் செல்லும் சாலையில், தரைத்தளத்தில் கார்க் கடையும் மேல்தளத்தில் கடன் அலுவலகமுமாக விளங்குவது 'பொற்கதவம் வாகன நிதி'. அதன் கண்ணாடி முகப்பு கிழக்கு நோக்கியது. வாயிலில் பன்னீர் தெளித்தார்கள். நெற்றிக்குச் சந்தனம் நீட்டினார்கள். பாதணியை மட்டும் கழற்றச் சொல்லவில்லை. சின்னண்ணன் தாமாகவே கழற்றிவிட்டு உள்ளே சென்றார். யாரும் தடுக்கவில்லை.

கழுத்துப் பட்டை அணிந்த இளைஞர் ஒருவர் எதிர்கொண்டார். "வணக்கம் சார். நான் கௌசிக். உங்களோட உறவு மேலாளர்."

சின்னண்ணன் மகிழ்ந்து கைகூப்பினார். "எந்த வழியில உறவுங்க சாமி? எங்க ஊட்டு வழியா, அவிய ஊட்டு வழியா?"

கௌசிக் சற்றே திகைத்து, பயிற்சியில் சொல்லித் தந்ததை நினைவுகூர்ந்தார். "எல்லா வழியிலயும் சார். கடன் முடியிற வரைக்கும்."

அவ்வேளை அங்கே ஒரு திருவிழா நிகழ்ந்துகொண்டிருந்தது. நடுக்கூடத்தில் செம்பட்டுப் போர்த்திய கார். ஒருவர் வெண்கல மணியை அடிக்க, ஊழியர் அனைவரும் வேலையை விட்டுவிட்டு எழுந்து கைதட்ட, திரை விலகிற்று. வாங்கிய குடும்பத்தாரிடம் ஆளுயர அட்டைச் சாவி ஒன்றை ஏந்தக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். எடுத்தவுடன் வாங்கிக்கொண்டார்கள்.

"அதை ஏனுங்க திருப்பி வாங்கறாங்க?"

"அடுத்த கஸ்டமருக்கு வேணும் சார். நிஜச் சாவி தனியாத் தருவோம். ரெண்டு சாவி. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு எங்ககிட்ட."

"உங்களுக்கு எதுக்குங்க ஒண்ணு?"

"உங்க சாவி தொலைஞ்சு போயிட்டா சார், நாங்க பத்திரமா வெச்சிருப்போம். அறுபது மாசமும்."

இவ்வளவு அக்கறை உடன்பிறந்தாரிடத்தும் காணக் கிடைக்காது என்று எண்ணியவாறு சின்னண்ணன் மேல்தளம் ஏறினார். கௌசிக் அவருடைய எண்களைக் கணினியில் இட்டார். முகம் வாடினார். மறுபடி இட்டார். பிறகு, இறப்புச் செய்தி சொல்பவரின் மெல்லிய குரலில் சொன்னார்:

"சார், உங்களுக்கு வரலாறே இல்ல."

"அதெப்படிங்க? எங்க குலக்கோயில் செப்பேட்டுல ஏழு தலைமுறை இருக்குது. வேணுமுன்னா எடுத்தாரேன்."

"அது இல்ல சார். கடன் வரலாறு. இதுவரைக்கும் எங்கயாவது கடன் வாங்கியிருக்கீங்களா?"

"இல்லீங்க." இதைச் சொல்லும்போது சின்னண்ணன் நிமிர்ந்து அமர்ந்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக அவர் நிமிர்ந்து அமர்ந்து சொல்லிய சொல் அது ஒன்றே.

கௌசிக் எழுந்து போய்க் கிளை மேலாளர் தீர்த்தகிரியை அழைத்து வந்தார். தீர்த்தகிரிக்கு இரண்டு பேர் எதிரில் இருந்தால் அது மேடை. ஒருவர் இருந்தாலும் ஒலிபெருக்கி உள்ளதாகவே கருதுவார்.

"ஐயா, கடன் வாங்கியவரை நாங்கள் அறிவோம். அவர் எங்கே குடியிருக்கிறார், எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார், தொலைபேசியை எடுக்காவிட்டால் யாரை அழைக்கவேண்டும், அனைத்தும் அறிவோம். அவர் எங்கள் குடும்பம். ஆனால் கடனே வாங்காத ஒரு மனிதர்? அவர் எதையாவது மறைக்கிறாரா? யாருக்கும் அஞ்சாமல் வாழ்கிறாரா? அஞ்சாதவரை எப்படி ஐயா நம்புவது? இருப்பினும் உங்களைக் கைவிட மாட்டோம். முதலில் சிறியதாகக் கடன்படுங்கள். வரலாறு படைத்துக்கொண்டு வாருங்கள்."

சின்னண்ணன் வரலாறு படைக்கச் சென்றார். பொற்கதவத்தின் மூலமே ஒன்பது தவணையில் ஒரு மாவரைக்கும் கிரைண்டர் வாங்கினார். வாங்கிய நாள்முதல் அவருக்கு இட்லி இறங்கவில்லை. அரைபடுவது கடன் மாவு என்று தொண்டை அறிந்துகொண்டது. பதினோராம் நாள் முழுத்தொகையையும் கட்டிவிட்டு, வென்றவராக மேல்தளம் ஏறினார்.

தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாங்கள் என்ன தவறு செய்தோம்?"

"ஏனுங்க?"

"ஒன்பது மாதம் நம்மோடு பழகுவீர்கள் என்று நம்பினோம். பதினோரு நாளில் உறவை முறித்துவிட்டீர்கள். வட்டி எங்களுக்குப் பெரிதல்ல. வட்டி மட்டுமே எங்களுக்கு வருவாய் என்பது வேறு செய்தி. ஆனால் அவசரமாகக் கடன் தீர்ப்பவர் என்ற கெட்ட பெயர் உங்களுக்கு வந்துவிட்டது. இதைத் துடைக்க வேண்டுமானால் மற்றொரு கடன் வாங்கி, பொறுமையாக, மனம் வருந்தாமல் கட்டுங்கள்."

இவ்வாறு வீட்டிற்கு இரண்டாவது கிரைண்டர் வந்தது. சௌந்திரம் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு சகலைக்கு, ஒண்ணு உங்களுக்குங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

தை மாதம் கள ஆய்வு நடந்தது. கௌசிக் எடை மேடைக்கு வந்து, சின்னண்ணனை மேடைமேல் நிறுத்தி முன்புறமும் பக்கவாட்டிலும் படம் எடுத்தார். எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் குப்பாயியிடம் சென்று நன்னடத்தை விசாரித்தார்.

"இவரு உங்களுக்கு ஏதாவது பாக்கி வெச்சிருக்காரா?"

"ஒத்த டீக்குக்கூடப் பாக்கி வெச்சதில்லீங்க தம்பி. தங்கமான மனுசன்."

கௌசிக் தாளில் 'அக்கம்பக்கத்தில் கடன் தொடர்பு: இல்லை. எதிர்மறை' என்று குறித்துக்கொண்டார். பின்னர்த் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். பொற்கதவத்தில் ஏற்கெனவே கடன் பெற்றவர் ஒருவர் பரிந்துரைத்தால், அவருடைய நற்பெயரைச் சின்னண்ணனுக்கு இரவலாக வைத்துக்கொள்ளலாம். சொந்தத்தில் யாரேனும் உண்டா?

உண்டு. ஒருவரே உண்டு. அப்பெயரைப் படிவத்தில் எழுதும்போது சின்னண்ணனின் பேனா மூன்று முறை நின்றது. மறுவாரமே தமிழரசிடமிருந்து தொலைபேசி வந்தது.

"சகல, கேட்டாங்க. உங்களாட்ட நாணயமான மனுசன் இந்தச் சில்லாவுலயே கெடையாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டனுங்க. எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் குடுத்தாங்க."

தம்முடைய நாணயத்திற்குத் தமிழரசு சான்று அளிக்க, அதற்கு ஒரு பாத்திரமும் பரிசாகப் பெற்ற அந்நாள், சின்னண்ணனின் வாழ்வில் மாட்டுக் கொட்டகை நாளுக்கு அடுத்தபடியான துயர நாளாக அமைந்தது. பாத்திரத்தின் நிறத்தைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிவப்பு.

இதற்கிடையில் வானம் தன் போக்கில் நடந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழை சமவெளிக் கிணறுகளைக் கைகொண்டு மொள்ளும்படி நிரப்பியிருந்தது. கோடையிலும் நீர்மட்டம் இறங்கவில்லை. உழவர் வருண பகவானுக்குப் பொங்கல் வைத்தனர். ஆழ்துளைக் கிணறு போடுவார் யாரும் இல்லை. ரிக் வண்டிகள் ஒவ்வொன்றாக வடநாடு போயின. எடை மேடைப் பக்கம் சங்கு வெள்ளை வருவது நின்றது. சின்னண்ணன் அதனைச் செருக்கு என்று கணித்தார்.

ஆனி பிறந்தது. பதினெட்டாம் பெருக்கிற்கு இன்னும் ஒன்றரை மாதம். இரண்டாம் கிரைண்டரின் ஐந்து தவணைகளை மனம் வருந்தாதவர்போல் கட்டி முடித்த சின்னண்ணன், மூன்றாம் முறையாகத் தீர்த்தகிரியின் முன் அமர்ந்தார்.

"வருந்துகிறேன் ஐயா. உங்களுக்கென்று வரலாறு இல்லாததால் உங்கள் பரிந்துரையாளருடைய வரலாற்றைத்தான் உங்கள் கணக்கில் வைத்திருந்தோம். இப்போது அவருடைய வரலாறு கெட்டுவிட்டது. ஆகவே உங்களுடையதும் கெட்டுவிட்டது."

"அவருக்கு என்னுங்க ஆச்சு?"

"வாடிக்கையாளர் பற்றிய செய்திகளை நாங்கள் உயிர்போனாலும் வெளியிட மாட்டோம். அது எங்கள் கொள்கை. வாருங்கள், உங்களுக்கு ஏற்ற வண்டியைக் காட்டுகிறேன்."

சங்ககிரிப் புறவழிச் சாலையில், கம்பிவேலி இட்ட திடல். நூறு கார்கள் வெயிலில் நின்றன. தவணை தவறியவர்களிடமிருந்து பொற்கதவம் தன்னிடமிருந்த இரண்டாம் சாவிகளைக் கொண்டு திறந்து ஓட்டிவந்த கார்கள் அவை. காவலர் மாதையன் கதவைத் திறந்தார். தீர்த்தகிரி ஒரு செம்பட்டின்முன் நின்று கையசைத்தார், கௌசிக் மணியடித்தார், பட்டு விலகிற்று. அதே பட்டு, அதே மணி.

சங்கு வெள்ளை. பின்கண்ணாடியில் பொன்னெழுத்து. 'தனப்பிரியா.'

"ஓராண்டு வண்டி. குடும்பத்தினர் ஓட்டியது. புதியதின் விலையில் பாதிதான். உங்களுக்கு வரலாறு இல்லை. இந்த வண்டிக்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கணினி ஏற்றுக்கொள்ளும். கையில் உள்ளதைக் கட்டுங்கள். மீதிக்கு நாங்கள் கடன் தருகிறோம். பெயரை மட்டும் சுரண்டிவிடலாம். கௌசிக், ஐயாவிடம் அட்டைச் சாவியைக் கொடுங்கள்."

உண்மையை மறைப்பதற்கில்லை. சின்னண்ணனுக்கு முதலில் வந்தது இனிப்பு. ஓராண்டாக நெஞ்சில் கசந்த இடத்தில், கரும்பாலைக் கொப்பரைபோல் ஓர் இனிப்பு பொங்கி எழுந்தது. பதினெட்டாம் பெருக்கன்று இக்காரிலேயே போய் இறங்கலாம். வேப்பமர நிழலில் நிறுத்தலாம். ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. சுரண்டிய எழுத்தின் தடமே சொல்லிவிடும். கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இருகையாலும் ஸ்டியரிங் வட்டைப் பற்றினார்.

முன்கண்ணாடியின் கீழே பிள்ளையார் இருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தாள், நெகிழிக் காகிதத்தில் உறையிட்டுச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சரக்கின் பெயர்: பெருமை. நிகர எடை: 210 கிலோ. சின்னண்ணன் எடுத்துத் திருப்பினார். பின்புறத்தில் கோணல் எழுத்தில், உறையிடுவதற்கு முன்பே, நீலப் பேனாவால் எழுதியிருந்தது: 'சகலை கையால் போட்டுக் கொடுத்தது. காசு வாங்கவில்லை.'

மாதையன் சன்னலருகே குனிந்தார். "வண்டிய எடுக்கப் போனப்ப அந்த மனுசன் எதுவும் கேக்கலீங்க. இந்த ஒத்தத் தாள மட்டும் எடுத்துக்கறேன்னாரு. பட்டியல்ல ஏறிருச்சு, குடுக்க முடியாதுன்னுட்டாங்க."

பட்டியல் கௌசிக்கின் கையில் இருந்தது. பிள்ளையார் 1. குடை 1. ஹாட்பாக்ஸ், சிவப்பு 1. காகிதம் 1.

சின்னண்ணன் வெளியே வந்தார். அவர் குரல் எடை மேடைக் குரலாயிருந்தது. "இந்தச் சீட்ட நான் எடுத்துக்கோணுமுங்க."

"இயலாது ஐயா. அது வண்டியோடு சேர்ந்த சொத்து."

"இது என்ற எடை மேடைச் சீட்டு. முத்திரை போட்டது. பிழையான சீட்டு வெளியில சுத்துச்சுன்னா எடை அளவை ஆபீசுல வந்து என்னையும் கேப்பாங்க, வெச்சிருக்கறவங்களையும் கேப்பாங்க. ரத்துப் பண்ணோணுமுங்க."

ரத்து என்ற சொல் கேட்டதும் தீர்த்தகிரியின் முகத்தில், தன் இனத்தாரைக் கண்ட மரியாதை தோன்றியது. "என்ன பிழை?"

சின்னண்ணன் சீட்டின் இரண்டாம் வரியை விரலால் மறைத்துக்கொண்டார்.

"சரக்கோட பேரு தப்பா உழுந்துருச்சுங்க."

மூன்று இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பட்டியலில் 'காகிதம்' என்பதை அடித்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். கார் வேண்டாமென்று சொன்னபோது தீர்த்தகிரி வருந்தவில்லை. வெளியே அடுத்தவர் வந்து காத்திருந்தார். கௌசிக் மட்டும், "சார், நம்ம உறவு?" என்றார்.

"கிரைண்டருக்கு இன்னும் நாலு தவணை இருக்குதுங்களே சாமி. அதுவரைக்கும் உறவுதான்."

திடலின் வாயிலில் மாதையன் குரலைத் தாழ்த்தினார். "இங்க நிக்கறது எல்லாமே ஒரு ஊட்டுக் கண்ணீருங்க. சூரமங்கலத்துல ரயில்வே கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு ஒருத்தரு, பதினோரு வருச வண்டிய விக்கறேன்னாரு. கண்ணுத் தெரியறதில்லையாம். போயிப் பாருங்க."

பார்த்தார். சாம்பல் நிறம், இடது கதவில் ஒரு கீறல், பணியில் தொப்பி கழற்றாத ஒருவரின் நேர்த்தியோடு பராமரித்த இயந்திரம். விலை மூன்று லட்சம். பெரியவர் பச்சைக் கொடியசைத்துப் பழகிய கையால் இரண்டு சாவிகளையும் எடுத்து நீட்டினார். சின்னண்ணன் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அவரிடமே விட்டார்.

"இதையும் எடுத்துக்கங்க. அதை நான் எதுக்கு வெச்சிருக்கறது?" என்றார் பெரியவர்.

சீட்டைப் பற்றியும் சங்கு வெள்ளையைப் பற்றியும் சின்னண்ணன் வீட்டில் மூச்சு விடவில்லை. ஊரறியச் சொன்னால் தித்திக்கும் செய்தி. சொல்லாமலே நாற்பது நாள் சுமந்தார். எந்தக் கணத்திலும் சொல்லிவிடக்கூடும் என்று தம்மைத் தாமே அஞ்சினார்.

பதினெட்டாம் பெருக்கு விடிந்தது. சாம்பல் காரில் சௌந்திரம் முன்னிருக்கையில் அமர்ந்து, முளைப்பாலிகைத் தட்டை மடியில் வைத்திருந்தாள். திருச்செங்கோட்டைக் கடந்ததும், ஒரு பேருந்து நிறுத்தத்தில், பித்தளைக் குடத்தோடு கமலவேணி, பூக்கூடையோடு தனப்பிரியா, இருவருக்கும் சற்றுத் தள்ளி, வராத பேருந்தை மிகவும் உன்னிப்பாகப் பார்த்தபடி தமிழரசு.

காரை நிறுத்தினார். தமிழரசு சிரித்தார். "வண்டிய சர்வீசுக்கு உட்டிருக்கறனுங்க சகல. பார்ட்ஸ் வரலையாம்."

சௌந்திரம் கணவனின் முகத்தைப் பார்த்தாள். சின்னண்ணனின் நாவில் அந்த இனிப்பு மறுபடி ஊறியது. விழுங்கினார்.

"சர்வீஸ்னா அப்படித்தானுங்க, இழுத்துருவாங்க. ஏறுங்க" என்றார்.

சௌந்திரம் பின்னிருக்கைக்கு மாறித் தங்கையோடும் தங்கை மகளோடும் நெருங்கி அமர்ந்தாள். தமிழரசு முன்னால் அமர்ந்து, வண்டியைத் தடவிப் பார்த்தார். சர்வீஸ் என்ற சொல்லில் இருந்த பொய் அவர் கையில் இல்லை.

"நல்ல வண்டிங்க. எடை போட்டீங்களா?"

"இல்லீங்க."

"போடுங்க சகல. சீட்டு ஒண்ணு வேணுமுங்க." காவிரிப் பாலம் வந்ததும் வெளியே பார்த்தபடி சொன்னார்: "பதினெட்டு வருசமா ரிக் ஏஜெண்டா இருக்கறேன். தண்ணி வந்தா சாமி குடுத்துச்சும்பாங்க. வரலீன்னா ஏஜெண்டு ஏமாத்திட்டாம்பாங்க. நான் பண்ணுனதப் பெருமைன்னு எழுதி முத்திரை குத்திக் குடுத்தது நீங்க ஒருத்தருதானுங்க."

சின்னண்ணன் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடமாக அது இல்லை.

மாமியார் வாசலில் நின்று, சாம்பல் காரிலிருந்து இரண்டு குடும்பங்கள் இறங்குவதை எண்ணினார். வேப்பமர நிழலை யாருக்கு ஒதுக்குவது என்ற கேள்வியே எழாததால் சிறிது ஏமாற்றம் அடைந்தவர்போலவும் காணப்பட்டார்.

ஆற்றங்கரை அம்மன் கோயிலில் வண்டிகளுக்குப் பூசை. பூசாரி சக்கரங்களின் கீழ் எலுமிச்சை வைத்து, இரண்டு சாவிகளையும் வாங்கி அம்மன் பாதத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"யாரு பேருக்குங்க அர்ச்சனை?"

"தமிழரசு" என்றார் சின்னண்ணன். "பூரட்டாதி. கும்ப ராசி."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது. பொறாமையில் மனப்பாடம் செய்தது. வேறு எதற்கும் பயன்படாமல் ஓராண்டு நெஞ்சில் கிடந்தது. தமிழரசு வியந்து திரும்பினார். சௌந்திரம் மட்டும் வியக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

மணி ஒலித்தது. எல்லோரும் கண்மூடிய வேளையில் சின்னண்ணன் சட்டைப் பையிலிருந்து நெகிழி உறையிட்ட சீட்டை எடுத்தார். ஒருமுறை படித்தார். இரண்டாக மடிக்க முயன்றார், உறை மடங்கவில்லை. நீளவாக்கில் நிறுத்தி உண்டியலின் வாயில் இட்டார். இருநூற்றுப் பத்துக் கிலோ, சிறிது ஓசையும் இன்றி உள்ளே இறங்கியது. பின்னர்க் கைகூப்பினார்.

தீபத்தட்டோடு வந்த பூசாரி சாவிகளைத் திருப்பித் தந்தார். இரண்டு சாவி, எதிரே இரண்டு மருமக்கள். ஆளுக்கொன்று என்று எண்ணியவராய் ஒன்றைச் சின்னண்ணனின் கையிலும் மற்றதைத் தமிழரசின் கையிலும் வைத்தார். தமிழரசு பதறி நீட்ட, சின்னண்ணன் தலையசைத்து வேண்டாமென்றார்.

பூசாரி இருவர் நெற்றியிலும் திருநீற்றைப் பூசினார்.

"ஆத்துல தண்ணி போகோணும், கெணத்துல தண்ணி நிக்கோணும், ரெண்டு ஊட்டு அடுப்பும் எரியோணும். அம்மா கூடவே வருவா. நல்லா இருங்க சாமி."